பாட்டுக்கு முழம் போட்டவர்கள்



பாட்டைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நான் ஒரு பூக்கடையில் தொடங்கப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் ஒரு பூக்கடை. கணவனும் மனைவியும் மாறி மாறி உட்காருவார்கள். அவர் ஆறடி ஆள். அந்த அம்மா அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். மல்லிகைச் சரம் முழத்துக்கு இன்ன விலை என்பதில் மாற்றமில்லை. ஆனால் அவர் அளந்தால் முழம் நீளம், அந்த அம்மா அளந்தால் முழம் குட்டை. ஊர்ப் பெண்கள் கெட்டிக்காரிகள். கடையில் யார் இருக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூ வாங்க வருவார்கள். ஒருநாள் இதில் சண்டையே வந்துவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தால், கடைப் பலகையில் இரண்டு ஆணி. இந்த ஆணியிலிருந்து அந்த ஆணி வரைக்கும் ஒரு முழம். இனிமேல் யார் கையும் கணக்கில்லை.

சண்டை தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது? "ஆணியை இந்த இடத்தில் அடித்தது யார்?" என்று அடுத்த சண்டை தொடங்கியது.

நண்பர்களே, இன்று நான் பேச வந்தது முழுக்க இந்த இரண்டு ஆணிகளைப் பற்றித்தான். பலகை மட்டும் கொஞ்சம் தூரத்தில், அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் பில்போர்ட் ஹாட் 100. நாட்டில் பிரபலமாக இருக்கும் நூறு பாடல்களை வாராவாரம் வரிசைப்படுத்தும் பட்டியல். அதில் முதலிடம் பிடித்தால் பாடகனின் வாழ்க்கையே மாறும். அந்த முதலிடத்தைத் தொடக்கத்தில் எப்படித் தீர்மானித்தார்கள்? கடையில் எவ்வளவு விற்றது, வானொலியில் எவ்வளவு ஒலித்தது, இந்த இரண்டையும் கூட்டித் தீர்மானித்தார்கள். கேட்பதற்கு எளிது. ஆனால் கூட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம்.

தேங்காயை எண்ணி விற்கிறோம். பாலை ஆழாக்கு, உழக்கு என்று அளந்து ஊற்றுகிறோம். கீரையைக் கட்டாக வாங்குகிறோம். பூவை முழம் போடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது. ஆனால் நாலு தேங்காயையும் இரண்டு உழக்குப் பாலையும் கூட்டினால் எத்தனை? ஆறா? எதில் ஆறு? இசைத்தட்டு விற்பனை தேங்காய் மாதிரி, ஒன்று இரண்டு என்று எண்ணிவிடலாம். வானொலி ஒலிபரப்போ காற்றில் போவது. அதை எண்ணுவதே பெரிய பாடு. எண்ணி முடித்து அதைத் தேங்காயோடு வேறு கூட்ட வேண்டும். இந்தக் கூட்டல் கணக்கைத்தான் பில்போர்ட் என்ற ஒரு பத்திரிகை அறுபது எழுபது ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தப் பத்திரிகை பிறந்த கதையைக் கேளுங்கள். 1894ஆம் ஆண்டு, ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரம். சுவரொட்டி ஒட்டும் தொழிலில் இருந்தவர்களுக்காகத் தொடங்கிய ஏடு அது. பில்போர்ட் என்றாலே விளம்பரப் பலகைதானே! சர்க்கஸ் வந்தது, நாடகக் குழு வந்தது, அவர்களுடைய சுவரொட்டிகள் வந்தன. மெல்ல மெல்ல அந்த ஏடு கேளிக்கைத் தொழிலின் பத்திரிகை ஆயிற்று. 1913இல் அதிகம் விற்கும் பாடல்களின் பட்டியலை அது வெளியிட்டது. அப்போது விற்றது எது தெரியுமா? இசைத்தட்டு என்று நினைக்காதீர்கள், தாள். வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் பாட்டின் இசைக்குறிப்பை அச்சிட்ட தாளை வாங்கிவந்து தாங்களே வாசித்துப் பாடுவார்கள். எனவே அந்தப் பட்டியல் எண்ணியது பாடத் தெரிந்தவர்களை. கேட்க மட்டும் தெரிந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

1935இல் வானொலியில் 'யுவர் ஹிட் பரேட்' என்றொரு நிகழ்ச்சி வந்தது. லக்கி ஸ்டிரைக் சிகரெட்டின் விளம்பரதாரர் நிகழ்ச்சி. இந்த வாரத்தின் மிகப் பிரபலமான பாடல்கள் இவை என்று சொல்லி, தங்கள் வாத்தியக் குழுவை வைத்தே அவற்றைப் பாடவைப்பார்கள். வரிசையை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். பூக்கடைக்காரர் பூவைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் அளந்து தருவது மாதிரி! முழம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கை யாருடையது?

1940 ஜூலையில் பில்போர்ட் ஓர் அடி முன்னால் வைத்தது. நாடெங்கும் கடைகளில் விற்ற இசைத்தட்டுகளின் பட்டியலை வெளியிட்டது. முதல் பட்டியலின் முதலிடம் டாமி டோர்சி குழுவின் 'ஐல் நெவர் ஸ்மைல் அகெய்ன்' பாட்டுக்கு. அதைப் பாடிய மெலிந்த உடம்புக்கார இளைஞரின் பெயர் ஃபிராங்க் சினாட்ரா.

அப்புறம் என்ன நடந்தது? பட்டியல் ஒன்று மூன்றாயிற்று. கடைகளில் அதிகம் விற்றவை ஒரு பட்டியல். வானொலியில் டிஸ்க் ஜாக்கிகள் அதிகம் போட்டவை ஒரு பட்டியல். ஜூக்பாக்ஸில் அதிகம் ஒலித்தவை ஒரு பட்டியல். ஜூக்பாக்ஸ் என்பது உணவு விடுதிகளில் நிற்கும் பெட்டி. காசு போட்டு விருப்பப்பட்ட பாட்டின் பொத்தானை அழுத்தினால் அந்தப் பாட்டு ஒலிக்கும்.

மூன்று பட்டியல் எதற்கு? ஏனென்றால் மூன்றும் மூன்று விதமான மக்கள். இசைத்தட்டு வாங்குகிறவர் கையில் பணம் இருக்கிறது, வீட்டில் பிளேயர் இருக்கிறது. வானொலி கேட்கிறவர் காசு எதுவும் கொடுக்கவில்லை, ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுத்தவரும் அவரில்லை. ஜூக்பாக்ஸ் பக்கம் நிற்கும் பையனிடம் இருப்பது ஒரே ஒரு நாணயம், அதற்கு ஒரு பாட்டு. 1950களில் ராக் அண்டு ரோல் பாட்டைப் போட மாட்டோம் என்று பல வானொலி நிலையங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. அந்தப் பாட்டு வேண்டும் என்று பையன்கள் சொன்ன இடம் அந்தக் காசுப் பெட்டிதான். வானொலி கதவைச் சாத்தியது, பெட்டி திறந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். மூன்று பட்டியலில் மூன்று பாட்டு முதலிடத்தில் இருந்தால், நாட்டின் முதல் பாட்டு எது? மூன்று இசைத்தட்டு நிறுவனங்களும் "எங்கள் பாட்டுதான்" என்று விளம்பரம் செய்தன. மூன்றும் பொய்யில்லை. ஒரு நாட்டுக்கு மூன்று ராஜா! கடைக்காரர் எந்தத் தட்டைக் கூடுதலாக வாங்கி அடுக்குவார்? வானொலிக்காரர் எதைப் போடுவார்? தொழிலுக்கு ஒரே வரிசை தேவைப்பட்டது. 1955 நவம்பரில் மூன்றையும் சேர்த்து 'டாப் 100' என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் ஜூக்பாக்ஸ் பட்டியல் நின்றுபோனது. 1958 ஆகஸ்ட் 4 தேதியிட்ட இதழில், விற்பனையையும் ஒலிபரப்பையும் கூட்டிய புதிய பட்டியல் வந்தது. அதுதான் ஹாட் 100. அதன் முதல் முதலிடம் 'புவர் லிட்டில் ஃபூல்'. பாடியவர் ரிக்கி நெல்சன். பதினெட்டு வயது. தொலைக்காட்சித் தொடரில் நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்த பையன். பாட்டை எழுதியவர் ஷாரன் ஷீலி என்ற இளம்பெண்.

பலகையில் ஆணி அடித்தாயிற்று. சரி, எந்த இடத்தில்?

ஒரு கணக்குப் போடுவோம். பேச்சுக்காக வைத்துக்கொள்ளும் எண்கள்தான், எந்தப் பட்டியலிலிருந்தும் எடுத்ததில்லை. முதல் பாட்டுக்கு விற்பனையில் 100 மதிப்பெண், ஒலிபரப்பில் 20. இரண்டாவது பாட்டுக்கு விற்பனையில் 40, ஒலிபரப்பில் 90. இரண்டுக்கும் சம பங்கு கொடுத்தால் முதல் பாட்டுக்கு 60 வரும், இரண்டாவதற்கு 65 வரும். இரண்டாவது பாட்டு ஜெயித்தது. இனி விற்பனைக்கு நூற்றுக்கு அறுபது, ஒலிபரப்புக்கு நாற்பது என்று பங்கை மாற்றுங்கள். முதல் பாட்டுக்கு 68, இரண்டாவதற்கு 60. முதல் பாட்டு ஜெயித்துவிட்டது! நாட்டில் ஒருவர் கூடுதலாக வாங்கவில்லை. ஒருவர் கூடுதலாகக் கேட்கவில்லை. ஆணி கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான். கிரீடம் தலை மாறியது.

இதைத்தான் நான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன். இரண்டு விதமான எண்களைக் கூட்டுகிறவன் வெறும் கணக்குப்பிள்ளையாக இருக்க முடியாது. எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும்போதே அவன் தீர்ப்பெழுதிவிடுகிறான். காசு கொடுத்து வாங்கிய ஒருவரின் ஆசைக்கு எவ்வளவு எடை? சும்மா காதில் விழக் கேட்ட பத்துப் பேருக்கு எவ்வளவு எடை? இதற்கு வானத்திலிருந்து விடை வராது. மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சொல்லும் விடைதான்.

எடையை விடுங்கள். எண்ணிக்கையாவது ஒழுங்காக இருந்ததா?

கடைகளுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்பார்கள். "இந்த வாரம் என்ன நன்றாகப் போகிறது?" கடைச் சிப்பந்தி ரசீதுகளைக் கூட்டிச் சொல்வதில்லை, நினைவில் இருப்பதை வரிசையாகச் சொல்வார். தனக்குப் பிடித்த பாட்டு கொஞ்சம் மேலே போகும். போன வாரம் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் நாலு தட்டு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்தப் பாட்டு இன்னும் மேலே போகும். வானொலி நிலையங்களும் அப்படித்தான். இந்தப் பாட்டைப் போடுகிறோம் என்று தாளில் எழுதி அனுப்புவார்கள். போட்டார்களா? தாளுக்குத்தான் வெளிச்சம்!

அதற்கும் மேலே ஒரு வியாதி இருந்தது. அதற்குப் பெயர் 'பேயோலா'. பணம் கொடுத்துப் பாட்டைப் போடவைப்பது. 1959இல் இது நாடறிந்த ஊழலாக வெடித்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ராக் அண்டு ரோல் என்ற பெயரையே நாடெங்கும் பரப்பிய டிஸ்க் ஜாக்கி ஆலன் ஃபிரீட் வேலையை இழந்தார். 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் 300 டாலர்தான். ஆனால் போன பெயர் திரும்பவில்லை. 1965இல், 43 வயதில் இறந்துபோனார். சொல்லாமல் காசு வாங்கிப் பாட்டுப் போடுவது 1960இலேயே சட்டப்படி குற்றம் ஆகியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒலிபரப்பையும் பட்டியலில் கூட்டும்போது, அந்த லஞ்சத்துக்கு இரட்டை லாபம் கிடைக்கிறது. காசு கொடுத்துப் பாட்டைப் போடவைத்தால் ஒலிபரப்புக் கணக்கு ஏறும். பட்டியலில் பாட்டு மேலே வரும். மேலே வந்த பாட்டை மற்ற நிலையங்களும் போடும். கேட்டவர்கள் போய் வாங்குவார்கள். விற்பனைக் கணக்கும் ஏறும். பாட்டு இன்னும் மேலே போகும். பட்டியல் ஊரைப் பார்த்து எழுதுகிறதா, ஊர் பட்டியலைப் பார்த்து நடக்கிறதா? தன் நிழலையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறவன் கணக்கு எங்கே போய் முடியும்?

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொலைபேசிக் கணக்கு ஓடியது. பிறகு 1991 வந்தது, பழைய ஆணியைப் பிடுங்கிப்போட்டது.

கடைகளில் பொருளின் மேல் கறுப்புக் கோடுகள் அச்சாகி வருகின்றனவல்லவா, பார்கோடு? கல்லாவில் 'பீப்' என்று சத்தம் வரும்போதே ஒரு தட்டு விற்றது என்று கணினி எழுதிக்கொள்ளும். சவுண்ட்ஸ்கேன் என்ற நிறுவனம் அந்தக் கணக்கைத் திரட்டித் தந்தது. 1991 மே மாதம் ஆல்பங்களின் பட்டியல் அந்தக் கணக்குக்கு மாறியது. என்ன ஆயிற்று? நாட்டுக்கே தன் முகம் கண்ணாடியில் முதல்முறை தெரிந்தது! யாரும் பெரிதாக மதிக்காத கிராமியப் பாட்டு, கன்ட்ரி இசை, மளமளவென்று மேலே வந்தது. கார்த் புரூக்ஸின் 'ரோப்பின் தி விண்ட்' வெளிவந்த முதல் வாரமே முதலிடம். அந்த வகை இசைக்கு அதற்கு முன்னால் அப்படி நடந்ததே இல்லை. வானொலிகள் தொடவே பயந்த என்.டபிள்யூ.ஏ. என்ற கறுப்பினத்து ராப் குழுவின் ஆல்பம் ஜூன் மாதம் முதலிடம் போயிற்று.

ஒரே நாளில் மக்களின் ரசனை மாறிவிட்டதா? மாறவில்லை. நேற்றும் அவர்கள் அதைத்தான் வாங்கினார்கள். நேற்று எண்ணியவரின் காது அந்தப் பக்கம் திரும்பவில்லை. புறநகர்ப் பெருங்கடையில் கன்ட்ரி பாட்டு வாங்கியவருக்கும் தெருமுனைக் கடையில் ராப் வாங்கியவருக்கும் தொலைபேசிக் கணக்கில் உரிய இடம் கிடைக்கவில்லை. கல்லாப்பெட்டிக்கு அந்த ஓரவஞ்சனை தெரியாது.

வானொலிக்கும் ஒரு காவல்காரர் வந்தார். பிராட்காஸ்ட் டேட்டா சிஸ்டம்ஸ், சுருக்கமாக பி.டி.எஸ். மனிதருக்குக் கைரேகை இருப்பது போல ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலிரேகை உண்டு. அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், அது ராவும் பகலும் நிலையங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு எங்கே ஒலித்தது என்று குறித்துக்கொள்ளும். தாளில் எழுதிக் கொடுத்து இனி ஏமாற்ற முடியாது. 1991 நவம்பர் 30 தேதியிட்ட ஹாட் 100, இந்த இரண்டு புதிய கணக்குகளின் மேல் எழுந்தது. அந்த வாரம் முதலிடம் பி.எம். டான் என்ற இரண்டு சகோதரர்களின் பாட்டுக்கு.

ஒலித்தால் போதுமா? விடிகாலை மூன்று மணிக்கு ஒரு சின்ன ஊர் நிலையத்தில் ஒலிப்பதும், காலை எட்டு மணிக்கு நியூயார்க்கில் ஆபீசுக்குப் போகிறவர்கள் எல்லாம் காரில் கேட்கும் நேரத்தில் ஒலிப்பதும் ஒன்றா? ஆகவே ஒலித்த தடவைகளை விட்டு, கேட்ட காதுகளை எண்ண முனைந்தார்கள். அந்த நேரத்தில் அந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்ற மதிப்பீட்டால் ஒவ்வொரு ஒலிபரப்பையும் பெருக்கினார்கள். நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் பாருங்கள், பெரிய நகரத்துக் காதுக்கு எடை கூடிவிட்டது. ஒரு நியாயத்தைக் கொண்டுவந்தால் கூடவே ஒரு வழக்கும் வந்துவிடுகிறது.

கணக்கு துல்லியமாயிற்று. இனி குறையே இல்லை என்று நினைத்தார்கள். அப்போது வந்தது ஒரு பாட்டு.

1996ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். நோ டவுட் என்ற குழு, பாடுகிறவர் க்வென் ஸ்டெஃபானி. பாட்டு 'டோன்ட் ஸ்பீக்'. அமெரிக்காவில் எந்த வானொலியைத் திருப்பினாலும் அதுதான். வானொலிப் பட்டியலில் பதினாறு வாரம் முதலிடம்! ஹாட் 100இல் அதற்கு எத்தனையாவது இடம் தெரியுமா? இடமே இல்லை. நூறில் ஒன்றாகக்கூட இல்லை.

ஏன்? கடையில் அந்தப் பாட்டு தனித் தட்டாக விற்கப்படவில்லை. விற்கப்படாத பாட்டுக்குப் பட்டியலில் அனுமதி இல்லை என்பது விதி. கம்பெனிக்காரர் ஏன் விற்கவில்லை? ஒரு பாட்டைத் தனியாகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டால் முழு ஆல்பத்தை யார் வாங்குவார்? பாட்டு வேண்டுமா, ஆல்பத்தை வாங்கு! வாங்கினார்கள். அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதி அளவுக்குப் போயிற்று. ஊர் முழுக்கப் பாடுகிறது, பட்டியலுக்கு மட்டும் காது கேட்கவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டு அழைப்பிதழ் அடித்த கதைதான்!

ஆணியை மறுபடி பிடுங்கினார்கள். 1998 டிசம்பர் 5 முதல், கடையில் விற்காத பாட்டும் ஒலிபரப்பின் பலத்தில் உள்ளே வரலாம். அந்த வாரம் நடாலி இம்ப்ரூக்லியாவின் 'டார்ன்' உள்ளே வந்தது. வானொலியில் பதினோரு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அதன் அலை அடங்கிய பிறகு கதவு திறந்ததால் 42ஆம் இடத்தோடு நின்றது. பந்தி முடிந்தபின் வந்தவனுக்கு ரசம்தானே மிஞ்சும்? 2000 ஜூனில் ஆலியா பாடிய 'ட்ரை அகெய்ன்', ஒரு தட்டுகூடத் தனியாக விற்காமல், வெறும் ஒலிபரப்பாலேயே ஹாட் 100இன் முதலிடத்தைத் தொட்டது. அதுவே முதல்முறை.

இந்த வம்பே வேண்டாம் என்று சொன்ன நாடு ஒன்று உண்டு. அது பிரிட்டன். அங்கே 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் பெர்சி டிக்கின்ஸ் இருபது கடைகளுக்குப் போன் போட்டு முதல் பட்டியலைத் தயாரித்தார். முதலிடம் ஆல் மார்ட்டினோ பாடிய பாட்டுக்கு. அன்றிலிருந்து அந்த நாட்டின் அதிகாரபூர்வப் பட்டியலில் வானொலிக்கு இடமில்லை. அவர்கள் கட்சி என்ன? காசு கொடுத்து வாங்குவது ரசிகரின் முடிவு. வானொலியில் போடுவது நிலையத்தார் முடிவு. ரசிகரின் பட்டியலில் நிலையத்தாருக்கு என்ன வேலை?

1977இல் இதற்கு ஒரு சோதனை வந்தது. மகாராணியின் வெள்ளி விழா ஆண்டு. அவரைக் கேலி செய்த செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. ஆனாலும் அது விற்பனையால் இரண்டாம் இடம் வரை ஏறியது. வானொலியையும் கூட்டும் பட்டியலாக இருந்திருந்தால் அந்த இடம் கிடைத்திருக்குமா? யோசித்துப் பாருங்கள். வானொலியில் மட்டும் ஒலித்த பாட்டைக் கணக்கில் விட்டுவிட்டோம் என்று அமெரிக்கர் உணரப் பல வருடம் ஆயிற்று. பிரிட்டிஷாரின் முழத்தில் வேறு குறை. காசில்லாதவனின் காது அங்கே கணக்கில் வரவில்லை.

நம் பக்கத்தில் இப்படி ஒன்று நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் இலங்கை வானொலியோடு வளர்ந்தவர்கள். அந்தக் கொழும்பு நிலையத்திலிருந்து 1952 டிசம்பர் 3, புதன்கிழமை இரவு ஓர் இந்தி நிகழ்ச்சி புறப்பட்டது. 'பினாகா கீத்மாலா'. பற்பசை விளம்பரம். குரல் அமீன் சயானி. அந்தச் சமயம் டெல்லியில் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டியிருந்தார். நாட்டு வானொலி கதவைச் சாத்தியது, கடல் தாண்டி ஒரு கதவு திறந்தது.

கீத்மாலாவில் பாடல்களுக்கு வரிசை இருந்தது. சயானி இத்தனையாவது எண் என்று சொல்ல மாட்டார், படி என்று பொருள்படும் சொல்லைச் சொல்வார். இந்த வாரம் இன்ன பாட்டு இத்தனையாவது படியில் நிற்கிறது! ஏணிப் படியும் படி, அரிசி அளப்பதும் படி. நம் தமிழில் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். வரிசை எப்படி வந்தது? இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைத் தகவல் ஒரு பக்கம், ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் வாக்கு இன்னொரு பக்கம். தட்டு வாங்க வசதியுள்ள நகரத்தாரை மட்டும் எண்ணினால் சின்ன ஊர் விட்டுப்போகும். மன்றத்தின் வாக்கு அந்தச் சின்ன ஊரை உள்ளே கொண்டுவந்தது. அமெரிக்காவில் பில்போர்ட்காரர்கள் யோசித்த அதே சிக்கலை, கொழும்பு ஒலிபரப்புக்காக பம்பாயில் உட்கார்ந்தவர்களும் யோசித்திருக்கிறார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2005இல் இணையத்தில் காசு கொடுத்து இறக்கிக்கொள்ளும் பாட்டும் ஹாட் 100இல் சேர்ந்தது. 2012இல் கொரியாவிலிருந்து ஒருவர் குதிரை ஓட்டுவது போல ஆடிக்கொண்டு வந்தார். சை என்ற அந்தப் பாடகரின் 'கங்னம் ஸ்டைல்'. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில்கூடக் குழந்தைகள் ஆடினார்கள். யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தாண்டிய முதல் காணொளி அதுதான். ஹாட் 100இல்? ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. முதலிடத்தில் அசையாமல் இருந்தது மரூன் ஃபைவ் குழுவின் பாட்டு. வானொலிக்காரர்களுக்குக் கொரிய மொழிப் பாட்டைப் போட அவ்வளவு மனம் வரவில்லை. யூடியூப் பார்வையோ அப்போது கணக்கில் இல்லை.

சில மாதம் கழித்து, 2013 தொடக்கத்தில், யூடியூபையும் சேர்த்தார்கள். சேர்த்த முதல் வாரமே 'ஹார்லெம் ஷேக்' என்ற பாட்டு நேராக முதலிடத்தில் வந்து இறங்கியது. வழி உண்டாக்கியவர் ஒருவர், நடந்து போனவர் இன்னொருவர். அந்தக் காலத்தில் விற்பனைக்கு நூற்றுக்கு 35 முதல் 45 வரை, வானொலிக்கு 30 முதல் 40 வரை, இணையத்தில் கேட்பதற்கு 20 முதல் 30 வரை பங்கு என்று பில்போர்ட் தோராயமாகச் சொன்னது. ஆணி எந்தப் பக்கம் என்று காட்டுவார்கள், அங்குலக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக ஒரு பாட்டியின் கதை. 1958இல், ஹாட் 100 பிறந்த அதே வருடத்தில், பிரெண்டா லீ என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிப் பதிவு செய்தாள். 'ராக்கிங் அரவுண்ட் தி கிறிஸ்துமஸ் ட்ரீ'. பாட்டுக்கும் பட்டியலுக்கும் ஒரே வயது. வருடா வருடம் டிசம்பரில் அந்தப் பாட்டு அமெரிக்க வீடுகளில் ஒலித்தது. ஆனால் முதலிடம் வரவில்லை. வந்தது எப்போது? 2023 டிசம்பரில். பிரெண்டா லீக்கு அப்போது 78 வயது!

அறுபத்தைந்து வருடம் ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். பெட்டியில் வைத்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எடுத்துப் போடுகிறார். பிள்ளைகள் கேட்கிறார்கள், பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். கடைக் கணக்கில் அது என்ன? ஒன்று. வாங்கிய நாளில் விழுந்த அந்த ஒன்றோடு சரி. இணையத்தில் கேட்கும் காலம் வந்தபோது ஒவ்வொரு முறை கேட்டதும் தனித்தனியாக எண்ணிக்கைக்கு வந்தது. அந்தப் பாட்டு அறுபது வருடமாக வீடுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அதை எண்ணும் கை அப்போதுதான் முளைத்தது.

சரி, கூட்டுவதே தவறா? விற்பனை தனி, வானொலி தனி என்று விட்டுவிடலாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விற்பனையை மட்டும் எண்ணினால் மடிப்பணம் உள்ளவன் பேசுவான். ஒரு கூட்டம் ஒன்றுசேர்ந்து வாங்கிக் குவித்தால் ஒரு வாரத்துக்கு உலகமே அந்தக் கூட்டம்தான் என்று தோன்றும். ஒலிபரப்பை மட்டும் எண்ணினால் நிலையத்துக்காரன் பேசுவான், அவன் சட்டைப்பையில் கை விட்டவனும் சேர்ந்து பேசுவான். இரண்டையும் கூட்டும்போது ஒன்றின் பொய்யை மற்றொன்று கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு பேரையும் ஒருசேர ஏமாற்றுவது, ஒருவரை ஏமாற்றுவதைவிடக் கடினம். கூட்டலின் பலன் அதுதான்.

ஆகவே இளைஞர்களே, 'நம்பர் ஒன்' என்று யார் எதைச் சொன்னாலும், அது பாட்டாகட்டும், படமாகட்டும், கல்லூரியாகட்டும், மூன்று கேள்வி கேளுங்கள். எதை எண்ணினீர்கள்? எதை எண்ணாமல் விட்டீர்கள்? எண்ணியதை எந்தப் பங்கில் கூட்டினீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால், பூவைத் திரைக்குப் பின்னால் அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பூக்கடைக்குத் திரும்பி வந்து என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அவர் இல்லை. அந்த அம்மாதான் உட்கார்ந்திருந்தார். அதே பலகை. இரண்டு ஆணியும் இருந்தன, ஆனால் பழைய இடத்தில் இல்லை. ஆணிக்குப் பக்கத்திலேயே இந்தப் புறம் ஒரு ஓட்டை, அந்தப் புறம் இரண்டு ஓட்டை. "என்னம்மா இது?" என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து நியாயம் கேட்பாங்க தம்பி. கேட்டது சரின்னு பட்டா, புடுங்கி மாத்தி அடிப்போம்" என்றார்.

1991 ஒரு ஓட்டை. 1998 ஒரு ஓட்டை. 2005 ஒன்று, 2013 ஒன்று. ஹாட் 100 என்ற பலகையில் நான் மதிப்பது அந்த ஓட்டைகளைத்தான். ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாலும், கணக்கில் விட்டுப்போன ஒரு பாட்டு வந்து நியாயம் கேட்டிருக்கிறது.

அந்த அம்மாவிடம் இரண்டு முழம் வாங்கினேன். ஆணியில் வைத்துத்தான் அளந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.